செஞ்சியும் இஞ்சியும் இங்வரும்

செஞ்சி என்னும் பெயரை ஆங்கிலத்தில் ‘ஜி, ஐ, என், ஜி, இ, இ’ என ஆறு எழுத்துகளால் எழுதும் பழைய வழக்கம் இன்றும் மாறவில்லை. இந்த மண்ணை அறியாத ஆங்கிலேயர் ஒருவர் அதைப் படித்தால் ‘ஜிஞ்ஜீ’ என்பார். இல்லையேல் ‘கிங்கீ’ என்பார். தம் மொழியில் இஞ்சிக்குப் பெயரான ‘ஜிஞ்ஜர்’ என்பதை யாரோ பாதியில் நறுக்கிவிட்டார்கள் என எண்ணிச் சற்றே சிரிக்கவும் செய்வார். அவரே செருமானிய நாட்டுக் காய்கறிக் கடையில் இஞ்சிக் குவியலின்மேல் ‘இங்வர்’ என்று எழுதியிருப்பதைக் கண்டால் இன்னும் வாய்விட்டுச் சிரிப்பார். சொல்லன்பர்களாகிய நாம் அந்தச் சிரிப்பைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. அது எங்கே பிறக்கிறது என்று தேடினால் போதும். தேடப் புகுந்தால் செஞ்சிக் கோட்டையின் மதிலடியில் புறப்பட்டு, மேலைக்கடல் துறைகளைத் தாண்டி, கிரேக்கத்தையும் இலத்தீனையும் பிரெஞ்சையும் கடந்து, செருமானியச் சொல் ஒன்றின் ஈற்றசையில் நம் சொல்லொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் காண்போம்.

முதலில் செஞ்சியின் ஒலி. இப்பெயரில் சகரம் இருமுறை வருகிறது. எழுத்தில் இரண்டும் ஒன்று, ஒலியில் இரண்டும் வேறு. மொழிமுதலில் நிற்கும் சகரம் வல்லென்றோ, பேச்சில் மெல்லிய உரசலாகவோ ஒலிக்கும். ஞகர மெய்யை அடுத்த சகரமோ மஞ்சள், பஞ்சு, நெஞ்சு என்பவற்றில் போலக் குழைந்து ஒலிக்கும். ஓர் எழுத்துத் தான் நிற்கும் இடம் பார்த்துத் தன் ஓசையை மாற்றிக்கொள்வது தமிழ் கேட்டு வளர்ந்தவர்க்குச் சொல்லித்தர வேண்டாத ஒழுங்கு. ஓசைக்கு ஓசை எழுத்துத் தேடும் பிறமொழியார்க்கு அதுவே தடுக்குகல் ஆயிற்று. சென்னையில் இருந்த ஆங்கிலக் கும்பினியாரின் பழைய ஆவணங்கள் ‘சிஞ்ஜீ’ என்றும் ‘செஞ்ஜே’ என்றும் படிக்கத்தக்கவாறு எழுதின. முதற்சகரத்தை வல்லொலியாகக் கேட்ட காது அது. நாயக்கர் ஆட்சியில், 1597-இல், செஞ்சிக்கு வந்த ஏசுசபைப் பாதிரியார் பிமெந்தாவின் வழியில் எழுதியவர்களோ இரண்டு சகரத்துக்கும் ஒரே எழுத்தை இட்டு ‘ஜிஞ்ஜி’ என்றனர். அறிந்தோ அறியாமலோ தமிழ் நெடுங்கணக்கின் போக்கையே அவர்கள் பின்பற்றிவிட்டார்கள் என்று எனக்குத் தோன்றும். பிரெஞ்சுக்காரர் கைக்கு 1750-இலும் ஆங்கிலேயர் கைக்கு 1761-இலும் கோட்டை மாறியபோது அந்த எழுத்தும் கைமாறியது. ஆங்கிலத்தில் அவ்வெழுத்துக்கு ஜகர ஓசையும் உண்டு, ககர ஓசையும் உண்டு. ஆதலால் ‘கிங்கீ’ என்னும் மயக்கம் அவர்கள் வீட்டிலேயே பிறந்தது, நம் வீட்டில் அன்று. 2025 சூலையில் மராட்டியர் படைநிலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெசுகோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, மராட்டிய மாநிலத்துக்கு வெளியே இடம்பெற்ற ஒரே கோட்டையாகிய செஞ்சி இந்த ஆறு எழுத்துகளோடுதான் பட்டியலில் ஏறியது.

எழுத்து மாறினாலும் பெயர் மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் மாற்ற முயன்றவர் பலர். விசயநகரத்தார் காலத்தில் கிருஷ்ணபுரம் என்றனர். பீசப்பூர்ச் சுல்தானின் படை கைப்பற்றியபின் பாதுஷாபாத் என்றனர். சிவாசி 1677-இல் கோட்டையைக் கொண்டார். அவர் மகன் இராசாராமை உள்ளே வைத்து முற்றுகையிட்ட முகலாயத் தளபதி சுல்பிகர்கான் 1698-இல் வென்று, ‘நுஸ்ரத் ஜங்’ என்ற தம் பட்டத்தால் நுஸ்ரத்கட் என்று பெயரிட்டார். இவை ஒவ்வொன்றும் ஒரு கடவுளையோ அரசனையோ தளபதியையோ நினைவூட்ட ஏட்டில் எழுதப்பட்டவை; எழுதியவரின் ஆட்சி போனதும் ஏட்டோடு போயின. சந்தைக்குப் புளியும் மணிலாக்கொட்டையும் கொண்டுசெல்லும் உழவர் நாவில் செஞ்சி செஞ்சியாகவே இருந்தது.

பிறர் காது நம் பெயரைத் திருத்தியது போல நம் காதும் பிறர் பெயரைத் திருத்தியிருக்கிறது. 1714-இல் ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு பொருது மாண்ட, செஞ்சியின் இளம் புந்தேலத் தலைவனின் பெயர் தேஜ் சிங். தமிழ் நாவுக்கு ‘ஜ்’ என்னும் மெய்யை அடுத்து இன்னொரு சகரம் வருவது ஒவ்வாது. வல்லின மெய்யில் சொல் முடிவதும் ஒவ்வாது. ஆகவே இரண்டு மெய்யும் ஒன்றாய்க் கலந்தன, ஈற்றில் குற்றியலுகரம் வந்து தாங்கியது, தேசிங்கு பிறந்தான். தெருக்கூத்தும் கதைப்பாட்டும் அவனை அப்பெயரால்தான் அறியும். தேஜ் சிங்கின் ஊரார் யாரேனும் தேசிங்கு என்று கேட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். அவர்கள் சிரிப்பும் அந்த ஆங்கிலேயரின் சிரிப்பும் ஒரே வகை. ஒவ்வொரு மொழியும் தன் புணர்ச்சி விதிக்கு வணங்கிய சொல்லையே இயல்பெனக் கொள்ளும். விதி மாறிய இடத்தில் நகை பிறக்கும்.

செஞ்சிக்குப் பொருள் என்ன? சொல்லப்படும் விளக்கங்களை ஒவ்வொன்றாக இலக்கணத்தின் உரைகல்லில் இழைத்துப் பார்ப்போம். செம்மையிலிருந்து வந்தது என்பது முதலில் தோன்றுவது. செம்மை என்னும் பண்பு சகரத்தின் முன் ‘செஞ்’ ஆகும்: செஞ்சடை, செஞ்சொல், செஞ்சாந்து. அவ்வாறு பிரித்தால் எஞ்சுவது ‘சி’ என்னும் ஓரெழுத்து. தனித்து நின்று மலையையோ ஊரையோ உணர்த்தும் ‘சி’ தமிழில் இல்லை. அனுமன் தூக்கிச் சென்ற சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஊர்க்கதை. சகரத்தை அடுத்த அகரம் எகரமாவது நமக்குப் பழக்கமே. ஜகம் செகமானதும் ஜபம் செபமானதும் அவ்வழியில்தான். அந்த அளவில் கதைக்கு ஒலி துணைநிற்கும்; ஆனால் நெடிலோடு கூடிய ‘சீவி’ சுவடின்றிக் கரைந்துபோனதற்கு வழி சொல்ல முடியாது.

சோழர் காலத்தில் இப்பகுதி சிங்கபுர நாடு எனப்பட்டது என்பதைக் கொண்டு சிங்கபுரமே செஞ்சி ஆயிற்று என்பாரும் உண்டு. சிங்கபுரம் எங்கும் போய்விடவில்லை. புரம் என்னும் ஈறு வடதமிழ்நாட்டில் வரம் ஆகும். காஞ்சிபுரம் பேச்சில் காஞ்சிவரம் ஆனது, பல்லவபுரம் பல்லாவரம் ஆனது. அவ்வொழுங்கின்படியே சிங்கபுரம் சிங்கவரம் ஆகி, பாறையைக் குடைந்த கருவறையில் பள்ளிகொண்ட அரங்கநாதரோடு செஞ்சிக்கு அருகிலேயே இருக்கிறது. ஒரு தாய்க்கு மூத்த மகள் கண்ணெதிரே இருக்க, ஒலி ஒவ்வாத இன்னொருத்தியையும் அவள் வயிற்றில் சேர்ப்பது முறையன்று.

எஞ்சுவது வடமொழிச் ‘சிருங்கி’. மலையுச்சியைக் குறிக்கும் சிருங்கம் என்பதிலிருந்து வந்த பெயர் என்று, யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி எழுதிவைத்தது. மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்த ஊருக்குப் பொருள் அழகாய்ப் பொருந்துகிறது. ஒலி பொருந்துமா? ககரம் இகர எகரங்களின் முன் சகரமாவது தமிழின் தொன்மையான மாற்றம். கன்னடர் கிவி என்பதை நாம் செவி என்கிறோம், அவர்கள் பழங்காலத்தில் கெய் என்றதை நாம் செய் என்கிறோம். அவ்வாறே ‘ங்கி’ என்பது ‘ஞ்சி’ ஆகலாம். ஆனால் அம்மாற்றம் நெடுங்காலத்துக்கு முன்பே நடந்து ஓய்ந்துவிட்டது. அதன்பின் வந்த வடசொற்களைத் தொடவில்லை. சான்று தேடி எங்கும் போக வேண்டாம்: செஞ்சிக் கோட்டையின் குன்றுகள் இராசகிரி, கிருஷ்ணகிரி என்றே இருக்கின்றன, கிரி சிரி ஆகவில்லை. பக்கத்து மலையில் ககரத்தை விட்டுவைத்த நாக்கு இந்த மலையில் மட்டும் ஏன் திரித்திருக்கும்? ஆகவே செஞ்சி, ஊரைக் காக்கும் செஞ்சியம்மனின் பெயரோடு ஒட்டிப் பிறந்த, பிரிக்க இடங்கொடாத பழம்பெயர் என்றே கொள்கிறேன். பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியிலிருந்து கோட்டைக்கு இடம்பெயர்ந்தபோதும் அது தன் உருவை விடவில்லை.

சிருங்கத்தை இங்கே விட்டுவிட மனம் வரவில்லை. வடமொழியில் அது கொம்பையும் குறிக்கும், மலைமுடியையும் குறிக்கும். நம் கோடு என்னும் சொல்லும் அப்படித்தான்: விலங்கின் கொம்பும் கோடு, யானைத் தந்தமும் கோடு, மலைமுடியும் கோடு. செருமானியத்தில் ‘ஹோர்ன்’ என்றால் கொம்பு. ஆல்ப்சு மலையின் புகழ்பெற்ற முடிக்கு மாட்டர்ஹோர்ன் என்று பெயர். சிருங்கமும் ஹோர்னும் இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பத்தின் ஒரே அடியிலிருந்து கிளைத்தவை. கோடு வேறு குடும்பத்தது, ‘வளைதல்’ என்னும் பொருளுடைய கோடுதலின் வழி வந்தது. உறவில்லாத மொழியும் உறவுள்ள மொழியும் கொம்பைக் கண்டு ஒன்றுபோல் மலையை நினைத்திருக்கின்றன.

இந்தச் சிருங்கமே நம்மை இஞ்சிக்கு அழைத்துச் செல்கிறது. வடமொழியில் இஞ்சிக்குப் பெயர் சிருங்கவேரம். அதற்குக் கொம்பு போன்ற உடலை உடையது என்று பொருள் சொன்னார்கள். கிளைகிளையாய் முறுகிய இஞ்சியைப் பார்த்தால் மான்கொம்பு நினைவுக்கு வருவது இயல்புதான். ஆனால் பாலி மொழியில் அது ‘சிங்கிவேர’. அதில் ரகர உகரம் இல்லை. கொம்பின் சாயல் தேய்ந்திருக்கிறது. மக்கள் வழக்கில் சிங்கிவேர என்று வந்த வேற்றுச்சொல்லுக்குக் கற்றோர் கொம்பு ஒட்டி வடமொழி உருக் கொடுத்தனர் என்பதே மொழிநூலார் பலரின் முடிவு. அந்த வேற்றுச்சொல் எது?

சிங்கிவேர என்பதைத் தமிழ்க் காதால் கேளுங்கள். ஈற்றில் நிற்பது வேர். முன்னே நிற்பது ‘சிங்கி’. தமிழில் மொழிமுதல் சகரம் உதிர்ந்து உயிர் நிற்பது நன்கறிந்த நிகழ்ச்சி: சிறகு இறகாயிற்று, சிப்பி இப்பியாயிற்று, வந்த சொற்களிலும் சபை அவையாயிற்று, கன்னடர் சாவிர என்னும் எண் நமக்கு ஆயிரம். தென்மொழிகளில் இச்சகர இழப்பைத் தாமசு பர்ரோ 1947-இல் தனிக்கட்டுரையாகவே ஆராய்ந்தார். சகரம் உதிரச் ‘சிங்கி’ இங்கியாகும். முன்னே கண்ட விதியால் ‘ங்கி’ ‘ஞ்சி’ ஆக, இங்கி இஞ்சியாகும். சகரம் உதிர்வதற்கும் ககரம் திரிவதற்கும் முன்னிருந்த உருவை வடக்கே போன சொல் காத்துக்கொண்டது. வீட்டில் இருந்த சொல் இரண்டு மாற்றத்தையும் ஏற்றது. செஞ்சிக்கும் சிருங்கிக்கும் இடையில் நிற்காமற்போன விதி, இஞ்சிக்கும் சிங்கிவேருக்கும் இடையில் உறுதியாய் நிற்பதைப் பாருங்கள். ஒரு விதி எப்போது வாழ்ந்தது என்று அறிவது அதை மனப்பாடம் செய்வதைவிடப் பெரிது.

இஞ்சி நமக்குப் பழம்பயிர். பட்டினப்பாலை சோழநாட்டுத் தோட்டங்களில் அதைக் காட்டுகிறது. மதுரைக்காஞ்சி மஞ்சளோடு சேர்த்துச் சொல்கிறது. மலையாளமும் நம்மைப் போல இஞ்சி என்றே வழங்கும். தெலுங்கர் அல்லம் என்பர், கன்னடர் சுண்டி என்பர். ஆகவே கடலேறிய சொல் சேரர் துறைகளின் பக்கமிருந்து போனது என்பதில் வியப்பில்லை. செடிநூலார் அது வேரன்று, நிலத்தடித் தண்டு என்பர். கிழங்கென்றும் வேரென்றும் வழங்கிய வணிகருக்கு அந்த வேறுபாடு தேவைப்படவில்லை. இன்னொரு நயமும் உண்டு: கப்பலேறிய பண்டம் பெரும்பாலும் உலர்ந்த சுக்கு, கப்பலேறிய பெயரோ பச்சையான இஞ்சி.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மருத்துவர் தியோசுகோரிதீசு அதைச் ‘சிங்கிபெரி’ என்று எழுதினார். முதலோசை உரசும் ‘ஸி’. அதே நூற்றாண்டில் உரோமரான பிளினி, இது மிளகுக் கொடியின் வேர் என்று சிலர் நினைப்பது தவறு என்று எடுத்துரைத்தார். தமிழ் வகரத்தைக் கிரேக்கர் பகரமாக்கியதால் வேர் ‘பெர்’ ஆனது, இலத்தீனில் ‘ஸிங்கிபெர்’. செடிநூலில் இன்றுவரை அதுவே இஞ்சிக் குலத்தின் பெயர். சிற்றினப்பெயரோடு சேர்ந்தால் மருந்துச்சாலைக்குரிய இஞ்சி என்று பொருள். அரபியில் ஸன்ஜபீல் என்று திரிந்து, திருக்குர்ஆனில் சுவர்க்கத்தின் பானத்துக்குக் கலவையாக வந்தது. இலத்தீனின் பிற்கால உருவில் முதலெழுத்து ஜகரத்தை நோக்கி நகர்ந்து, பழைய பிரெஞ்சில் ‘ஜிஞ்ஜிவ்ர்’ ஆயிற்று. பகரம் மீண்டும் வகரம் ஆனது. அங்கிருந்து ஆங்கிலம் முதலில் ‘ஜிஞ்ஜிவெர்’ போன்ற உருவில் பெற்று, பின்பு நடுவிலிருந்த வகரத்தை விழுங்கி, ‘ஜிஞ்ஜர்’ ஆக்கியது. ஆங்கிலேயர் சொல்லும் பெயரில் நம் வேரில் மிஞ்சியது வாலாய் ஒட்டிய ‘அர்’ மட்டும்.

செருமானியத்தின் கதை இதற்கு நேர்மாறு. இடைக்காலச் செருமானியத்தில் சொல்லின் தலையெழுத்து உதிர்ந்து ‘இங்கெவெர்’ என்று நின்றது. இன்று சுருங்கி ‘இங்வர்’. செருமானியத்தில் இரட்டை வளைவுடைய ‘டபிள்யூ’ நம் வகரம்போல் ஒலிக்கும் என்பதை நினைவில் கொண்டு அதைச் சொல்லிப்பாருங்கள்: முதலில் இகரம், ஈற்றில் வகரத்தோடு கூடிய வேர். ஈற்றில் நிற்கும் ‘வர்’ உண்மையான வழித்தோன்றல், வேர் என்னும் சொல்லின் நேர்க்கொழுந்து. தலையில் நிற்கும் இகரமோ தற்செயல்: தமிழில் சகரம் உதிர்ந்ததும் செருமானியத்தில் ஜகரம் உதிர்ந்ததும் ஒன்றையொன்று அறியாத இரண்டு நிகழ்ச்சிகள். சிங்களத்தாரும் இங்குரு என்பர். ஆங்கிலேயருக்குக் கேலியாய்த் தோன்றும் அந்தச் செருமானியச் சொல், அவர்கள் சொல்லைவிட இஞ்சிவேருக்கு அருகில் நிற்கிறது. உருசியரும் போலந்தியரும் செருமானியரிடமிருந்தே பெற்று ‘இம்பிர்’ என்றனர்.

இவ்வளவு தூரம் வந்த உற்சாகத்தில் நம்மை மயக்கக்கூடிய ஒன்று தமிழிலேயே காத்திருக்கிறது. பழந்தமிழில் இஞ்சி என்றால் மதிலும் ஆகும். பதிற்றுப்பத்து, சேரரின் பகைவர் கோட்டையைப் பாடும் இடத்தில் அச்சொல்லை ஆள்கிறது. நிகண்டுகள் மதிலின் பெயர்களுள் அதை வைக்கின்றன. செஞ்சியோ மதிலால் பேர்பெற்ற ஊர். மூன்று குன்றையும் சுற்றிப் பல கல் தொலைவு ஓடும் மதில் அது. செம்மையான இஞ்சி செஞ்சி என்று சொல்ல எந்தத் தமிழன் நாவுதான் ஊறாது! ஆனால் செம்மை உயிரின் முன் நிற்கும்போது வகரம் இரட்டிக்கும்: செவ்விதழ், செவ்விளநீர். செம்மையோடு இஞ்சி புணர்ந்தால் செவ்விஞ்சி. செஞ்சி அன்று. காதுக்கு இனிதாய் ஒத்திருக்கும் இரண்டைப் பிரித்துவைப்பதும், காதுக்கு ஒவ்வாத இங்வரையும் இஞ்சியையும் சேர்த்துவைப்பதும் ஒரே இலக்கணம். பெயராராய்ச்சியில் எனக்கு இன்பம் தருவது இந்த நடுவுநிலைதான்.

ஆங்கிலேயர் செருமானியத்தைப் பார்த்து நகைக்கும் வேறு சொற்களிலும் இதே ஒழுங்கைக் காணலாம். ‘கிஃப்ட்’ ஆங்கிலத்தில் கொடை, செருமானியத்தில் நஞ்சு. பரிசுக்கடை என்று நினைத்து நஞ்சுப் புட்டியைப் பார்த்தவர் திகைக்கத்தான் வேண்டும். இரண்டும் கொடுத்தல் என்னும் ஒரே வினையடியில் பிறந்தவை. நோயாளிக்குக் கொடுக்கப்படும் அளவு மருந்து என்னும் பொருள் வழியாகச் செருமானியச் சொல் நஞ்சை நோக்கிச் சரிந்தது. மணப்பெண்ணோடு கொடுக்கும் சீதனத்துக்கு அவர்கள் சொல்லும் ‘மிட்கிஃப்ட்’ என்பதில் பழம்பொருள் இன்னும் வாழ்கிறது. நமக்கு இது புதிதா? பயிருக்கு அடிக்கும் நஞ்சை நாமும் பூச்சிமருந்து என்கிறோம். வசியத்துக்கு வைப்பதையும் மருந்து வைத்தல் என்கிறோம். கையுறைக்குச் செருமானியர் ‘ஹான்ட்ஷூ’ என்பர், பிரித்தால் கைச்செருப்பு. ஆமைக்குச் ‘ஷில்ட்குரோட்டெ’ என்பர், பிரித்தால் கேடயத்தேரை. தொகைநிலைத் தொடரில் ஊறிய நமக்கு அதில் நகைப்பைவிட உறவே தோன்றும். மேல்மலையனூர் என்று ஒரே மூச்சில் எழுதிக் களிப்பவர்கள் நாம். ஆங்கிலத்தார் அதற்கு நடுவில் இடம்விட்டால்தான் மூச்சுவிடுவர், செருமானியர் சேர்த்தே எழுதுவர்.

மேல்மலையனூரைச் சொன்னபின் அதன் பெயரையும் அவிழ்க்காமல் போகலாமா? செஞ்சியிலிருந்து வளத்தி வழியாகச் சென்றால் வரும் அவ்வூரின் பெயரில் மேல் என்பது உயரமும் ஆகும், மேற்கும் ஆகும். மேற்கே மலையும் கிழக்கே கடலும் உள்ள நாட்டில் இரண்டும் ஒரு சொல்லுக்குள் அடங்கின. மலையன் என்பது திருக்கோவலூரை ஆண்ட மலையமான் மரபினரின் குடிப்பெயர்; வள்ளல் காரியைச் சங்கப் புலவர் மலையன் என்றே அழைப்பர். அங்காளபரமேசுவரி கோயிலில் பூசைசெய்யும் பருவதராசகுலத்தாரோ பார்வதியின் தந்தையாகிய மலையரசனின் வழியினர் என்று தம்மைச் சொல்வர். பருவதராசன் வடசொல் உடை, மலையன் தமிழ் உடை. மாசி மாதச் சிவராத்திரியை அடுத்து அங்கே நடக்கும் மயானக் கொள்ளையில் கொள்ளை என்பதும் கொள் என்னும் வினையின் மகவு. களவைக் குறிக்கும் முன்பே நிறைய வாரிக்கொள்ளுதலை அது குறிக்கும். தானியமும் காசும் காய்கறியும் இறைபடுவதைக் கூட்டம் முந்தி வாரும் அந்நாளுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

இந்த அங்காளம்மனைச் செருமானியர் ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே தம் மொழியில் எழுதியிருக்கிறார். சாக்சனியிலிருந்து 1706-இல் தரங்கம்பாடி வந்த பர்த்தலோமேயு சீகன்பால்க், தமிழர் தெய்வங்களின் மரபைப் பற்றி 1713-இல் ஒரு நூல் செய்தார். மாரியம்மன், எல்லம்மன், பிடாரியோடு அங்காளம்மனும் அதில் இடம்பெற்றாள். அந்நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. அம்மன் என்பது செருமானிய எழுத்தில் ‘அம்மென்’ ஆகும்; செருமானியத்தில் ‘அம்மெ’ என்பது பாலூட்டும் செவிலித்தாய், ‘அம்மென்’ அதன் பன்மை. அந்நாட்டுக்காரர் அங்காளம்மென் என்று படித்தால் செவிலித்தாயரை நினைத்துப் புன்னகைப்பார். இவ்விரண்டும் உறவுள்ள சொற்கள் அல்ல. உலகெங்கும் மழலை வாயில் தாமே தோன்றும் ஒலிகள். சீகன்பால்க் தமிழிலக்கணத்தை இலத்தீனில் எழுதி 1716-இல் ஹால்லே நகரில் அச்சிட்டபோது தமிழை ‘டமுலிகா’ என்றார். நம் சிறப்பு ழகரம் அவர் எழுத்தில் லகரம் ஆயிற்று. நாமும் கடனைத் திருப்பலாம்: அவர் பெயரைப் பிரித்தால் சீகெ என்பது வெள்ளாடு, பால்க் என்பது உரித்த தோல். ஆட்டுத்தோல் ஐயர் என்று தரங்கம்பாடிச் சிறுவர் அறிந்திருந்தால் அவரும் சேர்ந்து சிரித்திருப்பார் என்று நம்பலாம்.

இன்று செருமானிய நாட்டிலும் தமிழ் கேட்கிறது. போர் துரத்த ஈழத்திலிருந்து சென்றவர்கள் ஹம் நகரில் காமாட்சியம்பாளுக்கு எழுப்பிய பெருங்கோயில் 2002-இல் குடமுழுக்குக் கண்டது. அங்கே வளரும் பிள்ளை பள்ளியில் இங்வர் என்று எழுதும், வீட்டில் இஞ்சி என்று கேட்கும். இரண்டும் ஒரு சொல்தானா என்று அது வியந்தால் பெற்றோர் பெரிய நூலெதையும் புரட்ட வேண்டியதில்லை. மொழிமுதல் மெய் உதிரும். ‘ங்கி’ என்பது ‘ஞ்சி’ ஆகும். வகரம் பகரமாகி மீண்டும் வகரம் ஆகும். இந்த மூன்றையும் சொல்லிக்கொடுத்தால் போதும், எஞ்சியதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.